தையல்காரப் பெண் சொன்னது

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண் ஒரு விஷயம் சொன்னார். தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், தானும் சீக்கிரம் அப்படித்தான் போவேன் என்று. வார்த்தின் சிரித்துத் தள்ளவில்லை. உட்கார்ந்து அந்தக் குடும்பத்தின் கொடிவழியை வரைந்தார். 1913-இல் அதை வெளியிட்டார். அந்தப் பெண்ணும் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

1960களில் ஒமாஹாவில் இதே கதை. எப்படியும் புற்றுநோயில்தான் சாகப்போகிறேன், எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லிக் குடித்துக்கொண்டிருந்தார் ஒரு நோயாளி. அதைக் காதுகொடுத்துக் கேட்டவர் மருத்துவர் ஹென்றி லிஞ்ச். பரம்பரை என்று அவர் சொன்னபோது பலரும் நம்பவில்லை. சூழல்தான் காரணம் என்றார்கள். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான்: லிஞ்ச் சிண்ட்ரோம்.

1993-இல் எம்எஸ்எச்2 என்ற மரபணு பிடிபட்டது, அடுத்த ஆண்டு எம்எல்எச்1. இவை செய்யும் வேலை எனக்கு நன்றாகப் புரியும், நான் தினமும் செய்வதுதான்: ரிவ்யூ. செல் பிரியும்போது டிஎன்ஏ நகலாகிறது. நகலில் எழுத்து மாறிவிட்டால் இந்தப் புரதங்கள் கண்டுபிடித்து, வெட்டித் திருத்தவைக்கும். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் நகல் எளிதில் வழுக்கும். ரிவ்யூ செய்ய ஆளில்லை என்றால் பிழைகள் முதலில் குவிவது அங்கேதான். லிஞ்ச் குடும்பத்தினர் பழுதான ஒரு பிரதியோடு பிறக்கிறார்கள். குடலின் ஏதோ ஒரு செல்லில் மீதமிருக்கும் நல்ல பிரதியும் போய்விட்டால், அவ்வளவுதான். முப்பது, நாற்பது வயதிலேயே நோய் வருவது இதனால்தான்.

தையல்காரப் பெண்ணின் குடும்பத்தில் இருந்த பிழை எது என்று 2000-இல் தெரிந்தது. எம்எஸ்எச்2-இல்தான். அவர் சொல்லி 105 ஆண்டுகள்.

இளம் வயதில் குடல் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு லிஞ்ச் கிடையாது. அதனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதற்காக, மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் லிஞ்ச் இருப்பது தெரிந்தால், இருபதுகளிலிருந்தே கொலனோஸ்கோபி செய்து பல கட்டிகளை முளையிலேயே எடுத்துவிடலாம். அதற்கு முதலில் தேவைப்படுவது ஜீன் டெஸ்ட்கூட இல்லை. தாத்தாவும் அத்தையும் எதனால் போனார்கள், அப்போது என்ன வயது என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொள்வதுதான்.