யாரும் படிக்காத ஒரு ரிப்போர்ட்

மேகமே இல்லாத வானத்தில் விமானம் திடீரென்று குலுங்கும். பாரீசில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த நம்மூர்க்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். இங்கிருந்து அங்கே போகத்தான் நேரம் கூடுதல், திரும்பி வர அவ்வளவு ஆகாது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்ற காற்றுதான் அதற்குக் காரணம். அந்த ஆற்றிலிருந்து அலைகளும் கிளம்பும். மேலே தள்ளப்பட்ட காற்று தன் கனத்தால் கீழே இறங்கும், இறங்கிய வேகத்தில் நிலை தாண்டிப் போய் மறுபடி எழும்பும். அந்த அலை உடையும்போது விமானம் ஆடுகிறது.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். தத்தேனோ என்ற ஊரில் வானிலை ஆய்வுக்கூடத் தலைவர். 1923 முதல் 1925 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களை விட்டு, தியோடலைட் கருவியால் பின்தொடர்ந்தார். குளிர்காலத்தில் சுமார் 9, 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று நொடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் அடித்தது.

1926-ல் ரிப்போர்ட் வெளியிட்டார், எஸ்பெராந்தோவில். போலந்துக் கண் டாக்டர் சாமென்கோப், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1887-ல் உருவாக்கிய மொழி அது. உலகம் முழுக்கப் படிக்கும் என்று ஓயிஷி நம்பினார். வெளிநாட்டில் ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை.

எனக்கு அவரிடம் ஒரு பாசம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேலையில் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலம். ராத்திரி கண்விழித்து எழுதிய குறிப்பொன்றை, விஷயத்தைப் பார்க்காமலே, “இது என்ன இங்கிலீஷ்?” என்று மேலதிகாரி தூக்கிப் போட்டார். மொழிக்காக ஒதுக்கப்பட்ட காகிதத்தின் வலி எனக்குத் தெரியும்.

1944 கடைசியில் டோக்கியோ மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் திணறின. குண்டுகள் குறி தவறின. ஜப்பானிய ராணுவமோ அதே காற்றை நம்பி, 9,000-க்கும் மேற்பட்ட காகித பலூன்களில் குண்டு கட்டிப் பசிபிக் கடல் தாண்டி அனுப்பியது. காகிதத்தை ஒட்டியவர்களில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலானவை கரை சேரவேயில்லை. 1945 மே 5-ல் ஓரிகன் மாநிலத்தில், பிக்னிக் போன ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் காட்டில் கிடந்த ஒன்றின் அருகே போனார்கள். ஆறு பேரும் இறந்தார்கள்.

அவர்களுக்கு 1950-ல் அங்கே நினைவுக்கல் வைத்தார்கள். ஓயிஷி இறந்ததும் அதே வருடம்தான்.