நிழற்படமும் அறிவிப்பாளர் தொடரும்

நம் முன்னோரின் நிழற்படங்கள் குறைவாகவே நம்மிடம் எஞ்சியுள்ளன. உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவிய கருத்து வேறுபாட்டால் புகைப்படக் கருவியைத் தவிர்த்த குடும்பங்கள் பல. எஞ்சியவையோ வீடு மாறும்போது பெயரை இழக்கின்றன. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ பூர்வீக வீட்டில் இருந்தவரை "இவர் இன்னார்" எனச் சொல்லப் பெரியவர் ஒருவர் இருந்தார். அதே படம் சென்னை நந்தனத்து அடுக்ககம் ஒன்றின் சுவருக்கு வந்து சேர்கையில் சொல்வார் இல்லை. அவ்விடத்தில் குடும்பத்தின் புகழ்மிக்க பெயர் ஒன்று ஒட்டிக்கொள்கிறது.

சமுதாயம் முழுமைக்குமே இவ்வாறு நேர்ந்ததுண்டு. "திப்பு சுல்தானின் உண்மைப் படம்" என்று தாடியுடைய ஒருவரின் நிழற்படம் இணையத்தில் உலவி வருகிறது. திப்பு ஷஹீதானது 1799 மே 4 அன்று. பிரான்சில் டாகேரின் நிழற்பட முறை அறிவிக்கப்பட்டது 1839இல். இடைவெளி நாற்பது ஆண்டுகள்! படத்தில் இருப்பவர் "திப்பு திப்" எனப் பட்டப்பெயர் பெற்ற ஸன்ஸிபார் வணிகர் ஹமீத் பின் முஹம்மத் அல்முர்ஜபீ. 1905இல் மறைந்த அவர், யானைத் தந்தமும் அடிமைகளும் விற்றுப் பொருளீட்டியவர். பெயரொற்றுமை ஒன்றே மைசூர் வேந்தரின் இடத்தில் அவரை அமர்த்திவிட்டது. காஞ்சிபுரம் அருகே 1780இல் நிகழ்ந்த பொள்ளிலூர்ப் போரைக் காட்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரோவியத்தில் திப்பு தாடியின்றி, மீசையுடன் காட்சியளிக்கிறார். நிழற்படக் காலத்தை எட்டியவர் அவருடைய மகன் குலாம் முஹம்மத். 1806 வேலூர்ப் புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1842இல் அங்கே பள்ளிவாசல் கட்டி, 1872வரை வாழ்ந்தார்.

இத்தகைய பிழையைத் தடுக்கும் அளவுகோல் நம் மரபிலேயே உண்டு. ஓர் அறிவிப்பாளர் தாம் பெயர் சொல்லும் ஆசிரியரின் காலத்தில் வாழ்ந்தாரா, அவரைச் சந்தித்திருக்க இயலுமா என்று முஹத்திஸ்கள் ஆராய்ந்தனர். படத்திடமும் இதையே கேட்கலாம். சிறு அட்டையில் ஒட்டிய கார்ட்-டி-விசிட் வகைக்குப் பாரிஸில் காப்புரிமை பெறப்பட்டது 1854இல். பெரிய கேபினட் அட்டை பரவியது 1866 முதல். அட்டையில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரும் முகவரியும் காலத்தை மேலும் குறுக்கும். துருக்கித் தொப்பி கிலாஃபத் இயக்கக் காலமான 1919-1924ஐ நினைவூட்டினாலும், அதற்கு முன்னும் பின்னும் அது அணியப்பட்டதால் தனிச்சான்று ஆகாது. தாளும் அட்டையும் சொல்வது அச்சிட்ட காலத்தையே. பழைய படத்தைப் பின்னாளில் நகலெடுத்திருக்கவும் கூடும்.

இவ்வாறு பெற்ற காலத்தை மீஸான் கல்லின் ஹிஜ்ரி ஆண்டோடும், நிக்காஹ் பதிவேட்டோடும், முகத்தில் தெரியும் வயதோடும் ஒப்பிட வேண்டும். 1870ஐ ஒட்டி எடுக்கப்பட்ட படத்தில் அறுபது வயதினராகத் தோன்றுபவர், 1860இல் பிறந்த பாட்டனாராக இருக்க இயலாது; அவருடைய தந்தையாகவோ வேறொருவராகவோ இருக்கலாம்.

எவ்வளவு ஆராய்ந்தும் பெயர் தெளியாவிடில் என் செய்வது? அறியப்படாத அறிவிப்பாளரை "மஜ்ஹூல்" எனக் குறித்துவிட்டு முஹத்திஸ்கள் அமைதி கொண்டனர். வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணிக்கிறது திருக்குர்ஆன் (33:5). வம்சத்தில் இத்துணைக் கண்டிப்புடைய சமுதாயம், சுவரில் மாட்டும் முகத்துக்கு ஊகத்தால் பெயர் சூட்டலாகாது. பெயரறிந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே படத்தின் பின்புறத்தில் பெயரையும் சொன்னவர் யார் என்பதையும் எழுதி வைப்போமாக.