மீதிக் கிணறு

மலருக்குக் கட்டுரை கேட்டதும், எனக்குச் சோறு போடும் விஷயத்தையே எழுதலாம் என்று நினைத்தேன். கடைக்காரர்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்வது என் வேலை. புரோகிராம் எழுதி முடிப்பது பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். கணினி பற்றி ஒன்றும் தெரியாதவர் கையிலும் அது ஓட வேண்டுமே, அதுதான் மீதிக் கிணறு. அதைத் தாண்ட இந்தத் துறை பட்ட பாடு கொஞ்சமல்ல.

டாஸ் காலத்தில் பல புரோகிராம்களை பிளாப்பியிலிருந்து காப்பி செய்தாலே போதும். 1982-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் பட்டன் இருவரும் தனித்தனியே இதையே வியாபார வழியாக்கினார்கள். காப்பி எடுத்து நண்பருக்கும் கொடுக்கலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம். ஷேர்வேர் இப்படித்தான் வளர்ந்தது. ஆனால் சில புரோகிராம்களுக்கு ‘கான்ஃபிக்.சிஸ்’ கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. சாதாரண ஆளுக்கு அதெல்லாம் எங்கே புரியும்?

விண்டோஸில் தொல்லை வேறு உருவம் எடுத்தது. பல புரோகிராம்களுக்கும் பொதுவான டிஎல்எல் கோப்புகள் ஒரே ஃபோல்டரில் குவிந்தன. புதிய கோப்பு இருந்த இடத்தில் ஏதோ ஒரு செட்டப் பழையதைக் கொண்டுவந்து வைத்துவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய வேறொரு புரோகிராம் இன்று படுத்துவிடும். ‘டிஎல்எல் நரகம்’ என்றே இதற்குப் பெயர். 1999-இல் ஆஃபீஸ் 2000-உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர், எந்தக் கோப்பு எங்கே போனது என்று கணக்கு வைத்தது. பாதியில் நின்றுபோனால் பழைய நிலைக்குத் திருப்பியது.

அதே 1999-இல் வெளியான டெபியன் 2.1 லினக்ஸில் ‘ஆப்ட்’ வந்தது. ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டிய மற்றதையும் தானே கொண்டுவரும். ஆனால் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். 2001-இல் வந்த மேக் ஓஎஸ் டென், ஒரு செயலியின் கோப்புகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு படமாகக் காட்டியது. இழுத்துப் போட்டால் சரி, வேலை முடிந்தது.

பிறகு 2008 ஜூலை 10. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் சுமார் 500 செயலிகளுடன் திறந்தது. தேடுவது, வாங்குவது, நிறுவுவது எல்லாம் ஒரே இடத்தில்.

இந்த வரலாற்றில் நான் கண்டது இதுதான்: சிக்கல் மறையவில்லை, பயனர் தலையிலிருந்து இறங்கி நம் தலையில் ஏறியது. கூடவே சாவியும் கைமாறியது. 1982-இல் நண்பருக்குத் தாராளமாகக் கொடுத்த காப்பி, 2008-இல் ஆப்பிளின் அனுமதிக்குக் காத்து நின்றது. விற்ற பணத்தில் 30 சதவீதமும் அங்கே போனது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகே, 2024-இல் அங்கே ஐபோனில் வேறு கடைகளுக்கு வழி பிறந்தது. வசதிக்கு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிராஜெக்ட் லேபில் ஓடியதும் நிறுத்திவிடாதீர்கள். கணினித் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, உங்கள் அடுத்த வேலை அங்கேதான் இருக்கிறது.