வாழைக்காய் வறுவலுக்கு எத்தனை வயசு?

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ராஜாக்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் வாழைக்காய் வறுவலைப் பற்றி எழுதுகிறேன். போன கண்காட்சியில் எங்க குழு சாப்பாட்டுக் கடை போட்டப்ப, "பாரம்பரிய வாழைக்காய் வறுவல்" என்று போர்டு எழுதி வச்சிருந்தோம். சாப்பிட வந்த காலேஜ் பொண்ணு ஒண்ணு, "எத்தனை வருஷத்துப் பாரம்பரியம்க்கா?" என்று கேட்டுச்சு. எங்க யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் என் மகளோட பாடப் புத்தகம், ஊர் நூலகம், எங்க ஆயா என்று விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இது.

வறுவல் செய்யற விதம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மொந்தன் காயை மேல் தோல் மட்டும் சீவி, வட்டமா நறுக்கி, கறுக்காம இருக்க மோர் கலந்த தண்ணியில போடணும். புளித்தண்ணி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து அரை வேக்காடு வேகவச்சு வடிக்கணும். மிளகாய்த்தூள், தட்டின சோம்பு, பூண்டு போட்டுப் பிரட்டி, இரும்பு வாணலில் மல்லாட்டை எண்ணெய் ஊத்தி சின்னத் தீயில சிவக்க விடணும். கரண்டி போட்டுக் கிளறிக்கிட்டே இருந்தா உடைஞ்சிடும்.

இந்த ஒரு வாணலில் இருக்கிற சாமான்கள் எல்லாம் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவை இல்லை. வாழை பழசு. சங்கப் பாட்டிலேயே வாழை மரம் வருது. காரத்துக்கு நம்மிடம் இருந்தது மேற்கு மலையில் விளைகிற மிளகு. அதை வாங்கத்தான் ரோமாபுரியில் இருந்து தங்கத்தோட கப்பல் வந்தது. எண்ணெய் என்றால் அது எள்ளெண்ணெய்தான். அந்தச் சொல்லே எள், நெய் இரண்டும் சேர்ந்ததுதான்.

மிளகாய் நம்ம ஊர்ச் செடி இல்லை என்று படிச்சப்ப எனக்கு நம்பிக்கையே வரல. மிளகாய் இல்லாம நம்ம சமையலா? ஆனா அது அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அதுக்குப் பிறகு போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில்தான் மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. புதுசா ஒரு காய், மிளகு மாதிரி உறைக்குது, அதனால மிளகுக்காய் போல மிளகாய் என்று பேர் வச்சிருக்காங்க. விலை கூடின மிளகு இருந்த இடத்தில், கொல்லையிலேயே காய்க்கிற மிளகாய் வந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

மிளகாய்க்கு முந்தின சமையல் முழுசா அழிஞ்சு போகல. பல வீடுகளில் திவசத்துக்கும் அமாவாசைப் படையலுக்கும் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ் சேர்க்க மாட்டாங்க. வாழைக்காய் கட்டாயம் இருக்கணும், காரத்துக்கு மிளகுதான். சாமி குத்தம் என்று சொல்லி நம்மைப் பயமுறுத்தினாங்க. நான் பார்க்கிறது வேற. செத்துப்போன பெரியவங்களுக்கு அவங்க சாப்பிட்ட சாப்பாட்டையே படைக்கணும் என்று, அந்தக் காலத்துப் பெண்கள் மாத்தாம காப்பாத்தி வச்சிருக்காங்க.

அடுத்தது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பேர்தான் நம்ம வாயில் மல்லாட்டை ஆச்சு. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். செடி பிறந்தது தென் அமெரிக்காவில். ஸ்பெயின்காரர்கள் அதை மணிலாவுக்குக் கொண்டு போனாங்க. 1993இல் விழுப்புரம், கடலூர் என்று பிரிவதற்கு முன்னால் நாம எல்லாம் தென்னாற்காடு மாவட்டம். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தென்னாற்காட்டு மல்லாட்டை மூட்டை மூட்டையா புதுச்சேரித் துறைமுகம் வழியா பிரான்சுக்குப் போச்சு. அங்கே மார்செய் என்ற ஊரில் எண்ணெய் எடுத்து சோப்பும் செஞ்சாங்க. பிறகு நம்ம பகுதியிலேயே ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன. விவசாயிங்க சொல்ற டி.எம்.வி. ரகம் திண்டிவனத்துது, வி.ஆர்.ஐ. ரகம் விருத்தாசலத்துது.

கப்பல் கணக்கு எழுதி வச்சிருக்காங்க. செடி பிடுங்கினவங்க, காய் ஆய்ஞ்சவங்க, ராத்திரி விளக்கு வச்சு விதைக்குக் கொட்டை உடைச்சவங்க பேர் எதிலும் இல்லை. எங்க ஆயா படிக்கு இவ்வளவு என்று கூலிக்கு உடைச்சிருக்கு. கட்டைவிரல் நகம் தேஞ்சே போச்சு. அவ்வளவு மல்லாட்டை கையில் புரண்டும், வீட்டில் எண்ணெய் தாளிக்க மட்டும்தான். வறுவல் என்றால் தீபாவளி, மாட்டுப் பொங்கல், இல்லன்னா சம்பந்தி வரணும். "ஆம்பளைங்க தின்ன பிறகு வாணல்ல ஒட்டின காந்தலை சோறு போட்டுப் பிரட்டி நாங்க தின்போம்" என்று ஆயா சொல்லும். அந்தக் காந்தல் ருசியைச் சொல்லும்போது சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரல.

தினமும் வறுவல் என்பது நம்ம காலத்தில் வந்தது. 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்து, ரேஷனில் பருப்போட பாமாயில் பாக்கெட்டும் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தாங்க. பெண்களும் பிள்ளைகளும் வயிறார வறுவல் சாப்பிட்டதுக்கு அந்தப் பாக்கெட்டும் ஒரு காரணம். பாமாயிலைக் கேவலமா பேசுறவங்க இதை நினைச்சுப் பார்க்கணும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுறது கெடுதல் என்பது வேற விஷயம், அது எந்த எண்ணெய்க்கும் பொருந்தும்.

கண்காட்சிக் கடைக்கு எந்த எண்ணெய் என்று எங்க குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பாமாயில் வெளிநாட்டு எண்ணெய், பாரம்பரியம் என்று எழுதிட்டு அதை ஊத்தக்கூடாது என்றார் ஒரு அக்கா. அப்படிப் பார்த்தா மிளகாயும் மல்லாட்டையும்கூட கப்பலில் வந்ததுதானே. ஆனாலும் நான் மல்லாட்டை எண்ணெய் பக்கம்தான் கை தூக்கினேன். அது நம்ம நிலத்தில் விளையுது, பக்கத்துச் செக்கில் ஆடுது, காசு நம்ம ஊரிலேயே சுத்துது. வாசனையும் அதுக்குத்தான். தட்டுக்கு 5 ரூபாய் கூட வச்சோம், யாரும் கேட்கல.

அடுத்த தடவை மிளகாய் போடாத மிளகு வறுவலும் நல்லெண்ணெயில் செய்யலாம் என்று இருக்கோம். மிளகு, சீரகம், உப்பு, கறிவேப்பிலை அவ்வளவுதான். உங்க வீட்டு ஆயா, அம்மாயி வேற பக்குவம் வச்சிருந்தா எழுதிக் கொண்டு வாங்க. அளவு சொல்லத் தெரியாதுன்னாலும் பரவாயில்லை, கைப்பிடி கணக்கு போதும்.