கல்வராயன் மலையில் கால்நடை வளர்ப்பு: மேய்ச்சல் உரிமையே முதல் உதவி

மலைவாழ் மக்களின் கால்நடை வளர்ப்புக்கு ஊக்கம் அளிப்பது என்றால், அரசுத் திட்டங்களில் அது பெரும்பாலும் ஆடு, மாடு வழங்குவதாகவே முடிகிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கைகொடுத்தது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் முதல் தட்டுப்பாடு கால்நடைக்கு அன்று, அது மேயும் இடத்துக்கும் தின்னும் தீவனத்துக்கும்தான் என்பது என் வாதம்.

இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைத்த நிலத்தில் தானியம் வீட்டுக்கும் தாள் மாட்டுக்கும் ஆயிற்று. அறுவடை முடிந்த கொல்லையில் மாடு மேயும். அதன் எரு அடுத்த விதைப்புக்கு உரமாகும். ஆத்தூர், சேலம் வட்டாரச் சேகோ ஆலைகளின் தேவை மரவள்ளியை மலையேற்றியபின் இந்தச் சுழற்சி பல இடங்களில் அறுந்துவிட்டது. மரவள்ளி ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தில் நிற்கும். அதுவரை அங்கே மாட்டை ஓட்ட முடியாது. தாளும் கிடைக்காது. இலையில் சயனைடு நஞ்சு உண்டு; பச்சையாகத் தின்ற ஆடு மூச்சுத்திணறிச் சாகவும் கூடும். அதே இலையை நறுக்கி வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சு பெரிதும் குறைந்து, புரதம் மிக்க தீவனமாகிவிடும். ஒவ்வொரு சிற்றூரிலும் செய்துகாட்ட வேண்டிய எளிய வேலை இது. கலப்பினக் கறவை மாட்டைக் கொடுத்துவிட்டு, அதற்கான அடர்தீவனத்தை மலைக்குக் கீழே போய் வாங்கச் சொல்வது கடனுக்குத்தான் வழிகாட்டும். சரிவில் ஏர் இழுக்கும் நாட்டு மாட்டுக்கு அந்தச் செலவு இல்லை.

அடுத்தது காடு. சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் ஆகியோரின் ஜாகீர்களாக இருந்த இம்மலை 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. ஜாகீர் போனபின்னும் மேய்ச்சல் உரிமையாக மாறவில்லை, வனத்துறை கண்டும் காணாமல் விடும் சலுகையாகவே நின்றது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)(ஈ)-இல் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயங்கள் 2016 வரை முடங்கிக் கிடந்தன. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கியது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையைப் பாருங்கள்: காட்டுப் பட்டிகளில் வளரும் பர்கூர் மாட்டினத்தின் மேய்ச்சல் நிலம், 2024-இல் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் கேள்விக்குறியானது. கல்வராயன் மலை சரணாலயம் ஆகவில்லை. இங்கே உரிமையை எழுத்தில் பதிவதற்கு இன்னும் வாய்ப்பு உள்ளது.

மேய்ச்சல் காட்டை அழிக்கும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஓரிடத்திலேயே ஓயாமல் மேய்ந்தால் மரக்கன்று தழைக்காது. ஆனால் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்குத் தருகிறது. எந்தப் பகுதியை எந்தப் பருவத்தில் மூடுவது, மேய்ச்சலை நெருக்கும் உண்ணிச்செடியை எங்கே அகற்றுவது என்பதைச் சபையே முடிவு செய்யலாம். மலைக்குத் தெற்கே தலைவாசலில் 2021-இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையம் அந்தச் சபைகளோடு அமர்ந்து, சாமைத் தாளும் உலர்ந்த மரவள்ளி இலையும் சேர்ந்த தீவனத்தை மலை மாடுகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஆடு, மாடு வழங்கும் அடுத்த பயனாளிப் பட்டியல் அதற்குப் பிறகு எழுதப்படட்டும்.