ஹோகோகு மாருவை மூழ்கடித்தது யார்?

1942 நவம்பர் 11, நண்பகல். கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, கரையே கண்ணுக்குத் தெரியாத இந்தியப் பெருங்கடலில், ‘ஹோகோகு மாரு’ என்ற ஜப்பானியத் துணைக் குரூசர் வெடித்து மூழ்கியது. அப்போது அதை எதிர்த்து நின்றவை இரண்டு கப்பல்கள். ஒன்று, ராயல் இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற சிறு கண்ணிவாரிக் கப்பல். மற்றொன்று, அதன் காவலில் வந்த ‘ஒன்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பல். இரண்டிலும் பெரிய பீரங்கி என்று சொல்லத்தக்கது ஒவ்வொன்றுதான் இருந்தது. ஹோகோகு மாருவைத் தீர்த்துக்கட்டிய குண்டு இவற்றில் எதிலிருந்து வந்தது?

இந்தியக் கடற்படையைப் பற்றிய நூல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகமே எழாது. அந்தப் பெருமை பெங்காலுடையது. டச்சு வணிகக் கப்பல்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கும் சந்தேகம் இல்லை. அவர்களுக்கு அது ஒன்டினாவின் வெற்றி. இரு தரப்பும் எண்பது ஆண்டுகளாகத் தத்தம் கதையைச் சொல்லிவருகின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில்தான் இந்தத் தேடலைத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது, இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகளின் பங்கு குறித்த அதிகாரபூர்வ வரலாற்று வரிசை. விசேஷ்வர் பிரசாத் பதிப்பித்த அந்த வரிசையில் ராயல் இந்தியக் கடற்படைக்கான தொகுதியைக் காலின்ஸ் எழுதினார். 1964இல் வெளிவந்தது. கடற்படையின் போர்க்கால வளர்ச்சி, பயிற்சித் தளங்கள், கப்பல்கள் கட்டப்பட்ட வரலாறு எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு படையின் வரலாற்றை அந்தப் படையின் ஆவணங்களை வைத்தே எழுதும்போது, எதிரில் இருந்தவர் என்ன பார்த்தார் என்பது விடுபட்டுப் போகும். ஆகவே பெங்காலின் பிறப்பிலிருந்தே தொடங்கினேன்.

பெங்கால் இந்தியாவில் கட்டப்பட்டதல்ல. சிட்னி துறைமுகத்தின் காக்கட்டூ தீவில் உள்ள தளத்தில் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் ஆஸ்திரேலியா ‘பாத்தர்ஸ்ட்’ வகையைச் சேர்ந்த அறுபது கப்பல்களைக் கட்டியது. அவற்றில் நான்கு இந்தியாவுக்காக: பஞ்சாப், பெங்கால், பம்பாய், மெட்ராஸ். பெங்கால் நீரில் இறக்கப்பட்ட நாள் 1942 மே 28. மூன்றே நாளில், மே 31 இரவில், ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் அதே சிட்னி துறைமுகத்துக்குள் புகுந்து தாக்கின. ஆகஸ்ட் 8 அன்று பெங்கால் பணியில் சேர்ந்தது. நவம்பரில் போரைச் சந்தித்தபோது அதற்கு ஏறக்குறைய மூன்று மாத வயது.

அந்தக் கப்பல்களின் வடிவமைப்பில் முன்புறம் 4 அங்குலப் பீரங்கிக்கு இடம் இருந்தது. பெங்காலுக்குக் கிடைத்ததோ 12 பவுண்டர் என்ற 3 அங்குலப் பீரங்கி. அதற்கு இருந்த குண்டுகள் ஏறக்குறைய நாற்பது. இவை தவிர விமான எதிர்ப்புக்கான சிறு துப்பாக்கிகள். ஒன்டினாவின் பின்புறத்தில் ஒரு 4 அங்குலப் பீரங்கி இருந்தது. அதற்கு 32 குண்டுகள். இந்தப் பீரங்கிக் கணக்குதான் வழக்கின் முதல் சான்று. பிறகு இதற்கு வருவோம்.

இரண்டாவது சான்று டன் கணக்கு. “650 டன் கப்பல் 10,000 டன் கப்பலை வீழ்த்தியது” என்று பல நூல்களில் காணலாம். இந்த ஒப்பீட்டில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. போர்க்கப்பலின் டன் என்பது அது இடம்பெயர்க்கும் நீரின் எடை. வணிகக் கப்பலின் மொத்த டன் என்பது உள்ளிட அளவு. நூறு கன அடி ஒரு டன். ஹோகோகு மாரு, ஒசாகா ஷோசென் நிறுவனத்துக்காகப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லக் கட்டப்பட்ட கப்பல். அதன் 10,439 டன் இரண்டாவது வகை. எடையில் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரியது. ஒரே அளவுகோலால் அளக்காத எண்களை அருகருகே வைத்துப் பெருமை பேசுவது பழக்கமாகிவிட்டது. பெங்காலின் துணிச்சலுக்கு இந்தத் தவறான கணக்கு தேவையே இல்லை.

அடுத்து எதிரியின் ஆவணம். ஹோகோகு மாருவும் அன்று அதனோடு வந்த தோழக் கப்பல் ‘ஐகோகு மாரு’வும் 1941இல் போர்க்கப்பல்களாக மாற்றப்பட்டவை. பல பெரிய பீரங்கிகள், டார்ப்பிடோ குழாய்கள், கடல்விமானங்கள் ஆகியவற்றோடு வணிகக் கப்பல்களை வேட்டையாடின. 1942 மே மாதம் ‘ஜெனோடா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலைப் பிடித்தன. ஜூலையில் ‘ஹவுராகி’ என்ற கப்பல் சிக்கியது. ஒன்டினாவைத் தூரத்தில் கண்டபோது, அவர்களுக்கு அது இன்னொரு ஜெனோடாவாகத் தோன்றியிருக்கும்.

ஜப்பானியக் குறிப்புகளை நேச நாட்டுக் குறிப்புகளோடு சேர்த்துப் படிக்கும் எவரும் முதலில் நேரத்தில் தடுமாறுவார்கள். ஜப்பானியக் கடற்படை உலகின் எந்த மூலையில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தையே பயன்படுத்தியது. அந்த இடத்தின் உள்ளூர் நேரத்துக்கும் டோக்கியோ நேரத்துக்கும் ஏறக்குறைய மூன்று மணி நேர வித்தியாசம். நண்பகலில் தொடங்கிய சண்டை ஜப்பானியத் தாளில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். கட்டம் போட்ட தாளில் மூன்று பத்திகள் வரைந்து, இடப்பக்கம் பெங்கால், நடுவில் ஒன்டினா, வலப்பக்கம் ஐகோகு மாரு என்று எழுதி, வலப்பக்கத்து நேரங்களையெல்லாம் மூன்று மணி நேரம் பின்னுக்குத் தள்ளினேன். அதன் பிறகுதான் மூன்று கதைகளும் ஒரே சண்டையைப் பேசத் தொடங்கின.

அந்தத் தாளில் தெளிவாகத் தெரிவது இவ்வளவு. ஃப்ரீமேண்டில் துறைமுகத்திலிருந்து டியேகோ கார்சியா நோக்கிப் போய்க்கொண்டிருந்த இரு கப்பல்களும் பகைக் கப்பல்களைக் காண்கின்றன. பெங்காலின் தலைவர் லெஃப்டினன்ட் கமாண்டர் வில்சன், ஒன்டினாவை விலகிப் போகச் சொல்லிவிட்டு, தன் கப்பலை எதிரியை நோக்கித் திருப்புகிறார். ஒன்டினாவின் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன் ஓடவில்லை. தன் கப்பலின் வேகம் எதிரியின் வேகத்துக்கு ஈடாகாது என்று அவருக்குத் தெரியும். அவரும் சுடத் தொடங்குகிறார். சற்று நேரத்தில் ஹோகோகு மாருவின் வலப்பக்க டார்ப்பிடோ குழாய்கள் இருந்த இடத்தில் ஒரு குண்டு விழுகிறது. குழாய்க்குள் இருந்த டார்ப்பிடோக்கள் வெடிக்கின்றன. தீ பின்புற வெடிமருந்து அறைக்குப் பரவுகிறது. சண்டை தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கப்பல் மூழ்குகிறது. அதில் இருந்த 354 பேரில் 76 பேர் இறக்கிறார்கள். கேப்டன் இமாசாதோவும் அவர்களில் ஒருவர்.

பிறகு ஐகோகு மாரு முன்னேறுகிறது. குண்டுகள் தீர்ந்துபோன பெங்கால் அடிபட்டு, புகையின் மறைவில் விலகுகிறது. அதில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஒன்டினாவின் 32 குண்டுகளும் தீர்ந்துவிட்டன. கப்பலைக் கைவிட உத்தரவிட்ட ஹோர்ஸ்மன், குண்டுச் சிதறல் பட்டு உயிரிழக்கிறார். ஐகோகு மாரு ஒன்டினாவின் மீது டார்ப்பிடோக்களை ஏவுகிறது. உயிர்காப்புப் படகுகளில் இருந்தவர்களையும் சுடுகிறது. பிறகு தன் தோழக் கப்பலில் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

இங்குதான் சாட்சிகளைச் சோதிக்க வேண்டும். பெங்காலும் ஐகோகு மாருவும் ஒன்டினாவின் கதியைத் தவறாகவே பதிவு செய்தன. பெங்கால் நவம்பர் 17 அன்று டியேகோ கார்சியாவை அடைந்தபோது, ஒன்டினா அழிந்துவிட்டது என்றே சொன்னது. மறுநாள், நவம்பர் 18 அன்று, ஒன்டினா தன் சொந்த விசையில் ஃப்ரீமேண்டில் வந்து சேர்ந்தது. டியேகோ கார்சியா வழியாக ஈரானின் அபதானுக்கு எண்ணெய் ஏற்றப் போய்க்கொண்டிருந்ததால் அதன் தொட்டிகள் காலி. டார்ப்பிடோ துளைத்தும் அது மிதந்தது. மாலுமிகள் திரும்பவும் ஏறித் தீயை அணைத்திருந்தார்கள். ஐகோகு மாருவும் ஒன்டினா மூழ்கிவிடும் என்று நம்பியே விலகிச் சென்றது. ஒன்டினாவுக்கும் சோதனை தப்பவில்லை. இரகசியக் குறியீட்டு நூல்களைக் கடலில் எறிந்துவிட்டதால், அது வெளிப்படையான மொழியில் செய்தி அனுப்பியது. இது ஜப்பானியரின் சூழ்ச்சியாக இருக்கலாம் என்று கரையில் இருந்தவர்கள் சந்தேகித்தார்கள்.

புகையும் தீயும் சூழ்ந்த அந்த நேரத்தில், ஒரு பெரிய கப்பல் மூழ்கியதா மிதந்ததா என்பதையே நேரில் பார்த்தவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, பறந்து வந்த ஒரு குண்டு எந்தப் பீரங்கியிலிருந்து வந்தது என்று அவர்கள் சொன்னதை மட்டும் கேள்வியில்லாமல் ஏற்பது நியாயமா? பெங்காலின் பீரங்கிக் குழுவும் ஒன்டினாவின் பீரங்கிக் குழுவும் தாங்கள் சுட்ட கணத்தில் வெடிப்பைக் கண்டார்கள். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இருவரும் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

இனிப் பீரங்கிக் கணக்கு. 12 பவுண்டரின் குண்டு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 4 அங்குலப் பீரங்கியின் குண்டு சுமார் 14 கிலோ. எட்டும் தூரத்திலும் 4 அங்குலமே மேல். இந்த அடிப்படையில் பிற்கால ஆய்வாளர்களில் பலர் ஒன்டினாவின் பக்கம் சாய்கிறார்கள். எதிர்வாதத்திலும் வலு இருக்கிறது. வெடித்தது குண்டு மட்டுமல்ல, குழாயில் தயாராக இருந்த டார்ப்பிடோக்கள். அவற்றைத் தூண்டிவிட ஆறு கிலோ குண்டும் போதும். பெங்காலோ எதிரியை நெருங்கிச் சென்ற கப்பல்.

இந்தச் சர்ச்சையில் யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரே சாட்சி ஜப்பானியத் தரப்பு. தன் கப்பலை வீழ்த்தியது இந்தியரா டச்சுக்காரரா என்பதில் அதற்குப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. ஆனால் அடிபட்ட இடத்தை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்த வெடிப்பிலேயே போய்விட்டார்கள். கப்பலின் குறிப்பேடுகளும் கேப்டனும் கடலுக்கு அடியில். அடிபட்டு மிதக்கும் கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து துளையை அளந்து பார்க்கலாம். ஹோகோகு மாருவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் வந்த முடிவை வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தக் குண்டு ஒன்டினாவின் 4 அங்குலப் பீரங்கியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பெங்கால் அன்று எதிரியை நோக்கித் திரும்பாமல் போயிருந்தால், இரண்டு குரூசர்களும் முதல் நிமிடத்திலிருந்தே ஒன்டினாவின் மீது மட்டும் கவனம் செலுத்தியிருக்கும். 32 குண்டுகளைச் சுட்டு முடிக்கும் அவகாசம் ஒன்டினாவுக்குக் கிடைத்திருக்காது. வில்சனுக்குப் பிரிட்டனின் டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. ஹோர்ஸ்மனுக்கு, மறைவுக்குப் பின், நெதர்லாந்தின் மிக உயர்ந்த வீர விருதான வில்லெம் இராணுவ விருது கிடைத்தது. இரு நாடுகளும் தத்தம் மனிதர்களைச் சரியாகவே மதித்தன. தவறு, வெற்றியைப் பங்கிட மறுத்த பிற்கால எழுத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கப்பல்களின் முடிவையும் சொல்ல வேண்டும். ஐகோகு மாரு 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவில் அமெரிக்க விமானத் தாக்குதலில் அழிந்தது. ஒன்டினா 1959இல் உடைக்கப்பட்டது. 1947இல் கடற்படைக் கப்பல்கள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பிரிக்கப்பட்டபோது பெங்கால் இந்தியாவின் பங்கில் வந்தது. 1960இல் அதுவும் உடைக்கப்பட்டது. தொட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. தாள்கள்தான் மிச்சம்.

அந்தத் தாள்களில் ஒரு பெரிய குறை இருக்கிறது. வில்சனின் பெயர் எல்லா நூல்களிலும் வருகிறது. பெங்காலின் பீரங்கியை நிரப்பியவர்கள், கொதிகலன் அறையில் நின்றவர்கள், அடிபட்ட பகுதியைச் சரிசெய்தவர்கள் இந்திய மாலுமிகள். நூல்கள் அவர்களை “இந்தியக் குழுவினர்” என்ற ஒற்றைத் தொடரில் முடித்துவிடுகின்றன. ஒன்டினாவின் எந்திர அறையில் உழைத்த சீன மாலுமிகளுக்கும் இதே கதி. எந்தப் பீரங்கி என்ற கேள்வியில் எண்பது ஆண்டுகளைச் செலவிட்டோம். யாருடைய கைகள் என்று கேட்கவில்லை.

போர்க்காலத்தில் ராயல் இந்தியக் கடற்படை பல மடங்கு பெருகியது. சென்னை மாகாணத்திலிருந்தும் இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களுடைய பணிச் சான்றிதழ்கள், விடுவிப்புப் பத்திரங்கள், பதக்கங்களோடு வந்த சிறு பெட்டிகள், கப்பல் தளத்தில் எடுத்த குழுப் புகைப்படங்கள் இன்றும் நம் வீடுகளில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. புகைப்படத்தின் பின்புறத்தில் யாராவது பென்சிலால் கப்பல் பெயரையும் ஆண்டையும் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி ஒரு காப்பகக் கோப்புக்குச் சமம். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கடற்படையில் இருந்திருந்தால், அந்தத் தாள்களைப் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். பெயர், ஊர், கப்பல், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி, நல்ல ஒளியில் படம் எடுத்து, ஒரு நகலை அருகில் உள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். பெங்காலின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கத்தை அந்தக் குடும்பங்களால் மட்டுமே எழுத முடியும்.