தங்கம்: கண்ணாடிப் பட்டறையிலிருந்து ஒளிவினையூக்கி வரை

தங்கத்தை நுண்துகளாக்கிப் பயன்படுத்தும் தொழில் கண்ணாடிப் பட்டறைகளில் தொடங்கியது. 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் படைப்பான லைகர்கஸ் கிண்ணம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளியிலிருந்து ஒளி பட்டால் அது பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கு வைத்தால் சிவக்கும். கண்ணாடியில் கலந்துள்ள தங்க, வெள்ளித் துகள்களே இதற்குக் காரணம்.

17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் யோஹான் குங்கெல் தங்கம் கலந்த சிவப்புக் கண்ணாடியைத் தொழிலாகவே செய்தார். இராஜதிராவகத்தில் கரைத்த தங்கத்தைக் கண்ணாடிக் குழம்பில் சேர்ப்பார்கள். வார்த்தெடுக்கும்போது அதில் நிறம் அநேகமாக இருக்காது. மறுபடி சூடேற்றினால்தான் சிவப்பு ஏறும். சிதறிக் கிடந்த தங்க அணுக்கள் அந்தச் சூட்டில் ஒன்றுசேர்ந்து துகள்களாகின்றன.

இதன் காரணத்தைத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. 1857இல் தங்கக் குளோரைடு கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு ஒடுக்கி, மாணிக்கச் சிவப்பு நீர்மம் ஒன்றைப் பெற்றார். மிக நுண்ணிய தங்கமே அந்த நிறத்தைத் தருகிறது என்று விளக்கினார். பின்னர் ரிச்சர்ட் சிக்மண்டி அத்துகள்களை அதிநுண்ணோக்கியால் காட்டினார். 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஒளியால் கரிமச் சேர்மங்களைத் தொகுக்கும் முயற்சி தனி வழியில் வளர்ந்தது. இத்தாலியின் பொலோனியாவில் ஜியாகோமோ சியாமிசியன் கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் வைத்து வினைகளை ஆராய்ந்தார். நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் தொழில்துறையை 1912இல் நியூயார்க் உரையில் முன்வைத்தார். எனினும் பெரும்பாலான கரிம மூலக்கூறுகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உறிஞ்சுவதில்லை. அதை உறிஞ்சி வினைக்கு ஊட்டும் இடைப்பொருள் ஒன்று, அதாவது ஒளிவினையூக்கி, தேவைப்பட்டது.

இந்த வேலைக்குத் தங்கம் உதவும் என்பது பின்னரே தெரிந்தது. அது வினைபுரியாத உலோகம் என்ற எண்ணத்தை 1987இல் ஜப்பானின் மசடகே ஹருடா மாற்றினார். உலோக ஆக்சைடுமேல் பதித்த சில நானோமீட்டர் தங்கத்துகள், உறைநிலைக்குக் கீழும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றியது. 1994இல் லிவர்பூலில் புருஸ்ட்டும் ஷிஃப்ரினும் கந்தகம் கொண்ட தயோல் மூலக்கூறுகளால் போர்த்தித் துகள்களை நிலைப்படுத்தும் எளிய முறையை உருவாக்கினர். 25 தங்க அணுக்களும் 18 தயோலேட்டுகளும் கொண்ட நானோகொத்தின் படிக அமைப்பு 2008இல் வெளியானது. நடுவில் ஓர் அணு, அதைச் சூழ்ந்து 12, வெளியே கந்தகத்தோடு பிணைந்த 12 என்று ஒவ்வோர் அணுவின் இடமும் தெளிவானது.

ஏறத்தாழ 2 நானோமீட்டருக்குக் கீழே தங்கம் உலோகத் தன்மையை இழந்து மூலக்கூறுபோல நடந்துகொள்கிறது. அதன் ஆற்றல்மட்டங்கள் பிரிந்து நிற்கின்றன. ஒளியால் கிளர்வுற்ற கொத்து தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குத் தரும்போது, வினைத்திறன் மிக்க ஒற்றைநிலை ஆக்சிஜன் உண்டாகிறது. இவ்வகைக் கொத்துகள் ஒளியில் பென்சைலமீனை இமீனாகவும், சல்ஃபைடைச் சல்ஃபாக்சைடாகவும் மாற்றுகின்றன.

அணுக்களின் எண்ணிக்கை திட்டமாகத் தெரிவதால், ஓர் அணுவை மாற்றி அதன் விளைவை அளக்கலாம். தங்கக் கொத்தும் வெள்ளிக் கொத்தும் கரைசலில் தமக்குள் அணுக்களை மாற்றிக்கொள்வதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு 2016இல் காட்டியது. கலப்புக் கொத்துகளை உருவாக்க இது புதுவழி தந்தது. கொத்தைக் காக்கும் தயோல் போர்வை வினைப்பொருள் நெருங்குவதைத் தடுப்பதும், அதை நீக்கினால் கொத்துகள் திரண்டுவிடுவதும் இத்துறை தீர்க்க வேண்டிய முதன்மைச் சிக்கல்.